மனித வலியின் உயிரியலை ஆராய நிதி பெறுவது எப்படி? என்ஐஎச் விண்ணப்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1990களில் வலி ஆய்வுக்கூடங்கள் பெரிதும் நம்பிய மூலக்கூறு ‘சப்ஸ்டன்ஸ் பி’. அது போய் ஒட்டுகிற என்கே1 ஏற்பியை மருந்தால் அடைத்தால் ஆய்வக விலங்குகளுக்கு வலி குறைந்தது. மருந்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மனிதர்களிடம் சோதித்தபோது வலி குறையவில்லை. அந்த வகை மருந்தான அப்ரெபிடன்ட் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தியைத் தடுப்பதற்காக.

இன்னொரு கதை எதிர்த்திசையில் தொடங்கியது. வடக்குப் பாகிஸ்தானில் பிறவியிலேயே வலி தெரியாத சில குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்து, நாவ்1.7 என்ற சோடியம் சேனலின் (நரம்பின் மின்துடிப்புக்காக சோடியத்தை உள்ளே விடும் புரத வாயிலின்) மரபணு அவர்களுக்கு வேலை செய்யவில்லை என்று 2006இல் கண்டார்கள். அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்த சிறுவன் தெருவில் கத்தியைக் கையில் குத்திக்காட்டி வித்தை செய்தவன். ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். நாவ்1.7ஐக் குறிவைத்த மருந்துகள் இதுவரை கரை சேரவில்லை. ஆனால் அதன் உறவுக்காரச் சேனலான நாவ்1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரி 30 அன்று, பெரியவர்களின் மிதமான, கடுமையான திடீர் வலிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியைப் பெற்றது. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு அல்லாத புதுவகை வலிமருந்து ஒன்று வருவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்த இரண்டு கதைகளும் நிதி கொடுப்பவர்களின் மனதில் இருக்கின்றன. 2021 கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் சுமார் 5.16 கோடிப் பெரியவர்களுக்கு, அதாவது 20.9 சதவீதம் பேருக்கு, நாள்பட்ட வலி இருக்கிறது. எலியில் வேலை செய்து மனிதரில் தோற்ற பட்டியல் நீண்டுகொண்டே போக, “மனிதத் திசுவிலேயே பாருங்கள்” என்ற குரல் வலுத்தது. இந்த வழிகாட்டி அந்தத் துறையில் நிதி தேடும் இளம் ஆய்வாளர்களுக்கானது. குறிப்பாக, அமெரிக்க ஆய்வகங்களில் போஸ்ட்டாக்காகவோ (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகவோ) புதிய பேராசிரியராகவோ இருக்கும் தமிழர்களையும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் இந்திய ஆய்வாளர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பெரும்பகுதி என்ஐஎச் எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைப் பற்றியது. இந்தத் துறைக்கு மிகப் பெரிய பொதுப்பணம் வருவது அங்கிருந்துதான்.

படி 1: மனிதரிடம் மட்டுமே விடை கிடைக்கும் கேள்வியைப் பிடியுங்கள்

விண்ணப்பத்தின் தலைவிதி பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. “வலியில் பங்குவகிக்கும் மரபணுக்களைக் கண்டறிதல்” என்று எழுதினால் மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, “இதை எலியில் பார்த்தால் போதாதா? விலையும் குறைவு, கட்டுப்பாடும் அதிகம்.” அதற்குப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். முதுகெலும்பின் இருபுறமும் உள்ள முதுகுவேர் நரம்பு முடிச்சில்தான், ஆய்வகப் பேச்சில் டிஆர்ஜியில்தான், வலியை உணரும் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. எலியின் வலி நரம்பணுக்களைப் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்துப் பாடநூல்கள் சொல்லிக்கொடுத்தன. மனித டிஆர்ஜியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பிரிவு அப்படி இல்லை. பெரும்பாலான வலி நரம்பணுக்களில் இரு பக்க அடையாளங்களும் சேர்ந்தே இருக்கின்றன. மிளகாயின் எரிச்சலை உணர்த்தும் டிஆர்பிவி1 ஏற்பியும் எலியைவிட மனிதரில் அதிக வகை நரம்பணுக்களில் காணப்படுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்து, அவருக்கு 2021 நோபல் பரிசைப் பெற்றுத்தந்த அதே ஏற்பிதான். இவ்வளவு பேசப்பட்ட ஒரு மூலக்கூறிலேயே இனங்களுக்கிடையே வேறுபாடு இருக்கும்போது, உங்கள் மூலக்கூறில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி, “மனிதரில்” என்ற சொல்லை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அது நல்ல கேள்வியாகவே நின்றால், மனிதத் திசுவுக்கான செலவை நியாயப்படுத்துவது கடினம்.

படி 2: திசு எங்கிருந்து வரும் என்று முதலில் தீர்மானியுங்கள்

பலர் நிதி கிடைத்த பிறகு திசுவைத் தேடலாம் என்று நினைக்கிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள். இந்தத் துறையில் நல்ல யோசனைகளுக்குப் பஞ்சம் இல்லை. திசு கைக்கு வரும் வழிக்குத்தான் பஞ்சம். விண்ணப்பத்தை நம்பவைக்கும் மிக வலுவான தாள், திசு தரப்போகும் இடத்திலிருந்து வந்த கடிதம்.

முதல் வழி, உறுப்புக் கொடையாளர்கள். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் சம்மதித்தால், சிறுநீரகம், கல்லீரல் போன்றவை எடுக்கப்பட்ட பிறகு ஆய்வுக்கான குழு டிஆர்ஜியையும் தண்டுவடத்தையும் எடுக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உறுப்புக் கொள்முதல் அமைப்பு உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகக் குழு சவுத்வெஸ்ட் டிரான்ஸ்பிளான்ட் அலையன்ஸுடனும், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு மிட்-அமெரிக்கா டிரான்ஸ்பிளான்ட்டுடனும் இப்படி வேலை செய்கின்றன. வாஷிங்டன் குழு தன் அறுவை முறையையும் நரம்பணு வளர்ப்பு முறையையும் 2016இல் நேச்சர் ப்ரோட்டோகால்ஸ் இதழில் விரிவாக வெளியிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் படித்துவிட்டே கடிதம் கேட்கப் போகலாம்.

அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் ‘ஆய்வுக்குட்படும் மனிதர்’ என்றால் உயிரோடிருப்பவர் மட்டுமே. ஆகவே இறந்த கொடையாளரின் திசுவை ஆராய்வது அந்த வரையறைக்குள் வருவதில்லை. அதற்காக நிறுவன நெறிமுறைக் குழுவை நீங்களே ஒதுக்கிவிட முடியாது. “இது மனித ஆய்வு வரையறைக்குள் வராது” என்று அவர்களிடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் சம்மதப் படிவத்தில் ஆய்வு, மரபணுத் தரவுப் பகிர்வு இரண்டும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுத்தது அது. அவர்கள் எதற்குச் சம்மதித்தார்களோ அதைத் தாண்டி ஓர் அடிகூடப் போகக்கூடாது.

இரண்டாவது வழி, அறுவை சிகிச்சை. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், முதுகெலும்புக் கட்டியை அகற்றும்போது சில நோயாளிகளுக்கு நரம்பு வேரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது வெளியே வரும் டிஆர்ஜி ஆய்வுக்குக் கிடைக்கிறது. அந்த நோயாளிக்கு உடலில் எந்த நரம்பு வேருக்குரிய தோல் பட்டையில் வலி இருந்தது, எதில் இல்லை என்பது அறுவைக்கு முன்பே பதிவாகியிருக்கும். வலித்த இடத்தின் முடிச்சையும் வலிக்காத இடத்தின் முடிச்சையும் ஒப்பிட முடிகிறது. வலிக்கும் ஒருவரின் நரம்பணு தானாகவே மின்துடிப்பு விடுகிறதா, ஆணுக்கும் பெண்ணுக்கும் மரபணு வெளிப்பாடு வேறுபடுகிறதா என்ற கேள்விகளுக்கு நேரடியான சான்று இந்தத் திசுவிலிருந்துதான் வந்தது. எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் மிக அதிகம். உங்கள் வளாகத்தில் இருக்கும் முதுகெலும்பு, பல், மூட்டு அறுவை மருத்துவர்களை விண்ணப்பம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே சந்தியுங்கள். பல்கூழ், மூட்டுச்சவ்வு, நரம்புக் கட்டி என்று தினமும் குப்பைக்குப் போகும் திசுக்கள் நிறைய.

மூன்றாவது வழி, உயிரோடிருக்கும் தன்னார்வலர்கள்: தோல் பயாப்சி, நுண்ணூசியால் நரம்பின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் மைக்ரோநியூரோகிராஃபி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து உணர்வை அளக்கும் சோதனை, மூளை ஸ்கேன்.

எதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் நான்காவது வழி இருக்கிறது. இதைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஏற்கனவே பொதுவில் கிடக்கும் தரவு. டல்லஸ் குழுவின் சென்சரியோமிக்ஸ், ஹார்வர்டு குழுவின் பெயின்செக் ஆகியவற்றில் மனித டிஆர்ஜியின் மரபணு வெளிப்பாட்டுத் தரவு கிடைக்கிறது. முழங்கால் மாற்று அறுவையும் மார்பு அறுவையும் செய்தவர்களில் யாருக்கு வலி நாள்பட்டதாகிறது என்று தேடும் ஏ2சிபிஎஸ் என்ற என்ஐஎச் திட்டமும் தரவைப் பகிர்கிறது. முதல்கட்டத் தரவை இங்கேயே உருவாக்கிக் காட்டி, பிறகு திசுவுக்கான நிதியைக் கேட்கலாம்.

படி 3: பணம் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது?

என்ஐஎச் ஒரே நிறுவனம் அல்ல. 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்தது. வலிக்கென்று தனி நிறுவனம் இல்லை. நரம்பியல் நிறுவனமான என்ஐஎன்டிஎஸ் முன்னணியில் நிற்கிறது. தாடை, பல், முகவலி என்றால் என்ஐடிசிஆர். மூட்டுவலி, முதுகுவலி என்றால் என்ஐஏஎம்எஸ். போதைப்பழக்கத்தோடு தொட்டால் நைடா. புற்றுநோய் சிகிச்சையால் வரும் நரம்புவலி என்றால் என்சிஐ. ஒரே யோசனையைச் சற்றுத் திருப்பி நிறுத்தினால் வேறொரு நிறுவனத்தின் ஆர்வத்துக்குள் வந்துவிடும், அதில் தவறில்லை.

2018இல் ஓபியாய்டு நெருக்கடியின் உச்சத்தில் தொடங்கப்பட்ட என்ஐஎச்சின் ‘ஹீல்’ முன்முயற்சி இந்தத் துறையின் முகத்தை மாற்றியது. அமெரிக்கக் காங்கிரஸ் தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 50 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘ப்ரிசிஷன் மனித வலி வலையமைப்பு’. 2022இல் தொடங்கிய இது, மனித டிஆர்ஜி, தண்டுவடம் போன்றவற்றை செல் செல்லாக வரைபடமாக்கப் பல பல்கலைக்கழகங்களுக்கு நிதி தந்தது. இப்படிப்பட்ட பெரிய வலையமைப்புக்குள் புதியவர் நேரடியாக நுழைவது அரிது. அதன் தரவையும் நெறிமுறைகளையும் வைத்துத் தனி விண்ணப்பம் எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இப்போது ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் தனி நிதி அறிவிப்பு விடும் பழக்கத்தை என்ஐஎச் குறைத்துக்கொண்டு வருகிறது. பொதுவான ‘பேரண்ட்’ அறிவிப்பின் கீழ் விண்ணப்பித்து, நிறுவனங்கள் ஆர்வம் காட்டும் தலைப்புகளின் பட்டியலோடு பொருத்திக் காட்டுவது வழக்கமாகிறது. “வலிக்கென்று அறிவிப்பு வரட்டும்” என்று காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும்.

என்ஐஎச்சுக்கு வெளியே: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நாள்பட்ட வலி மேலாண்மை ஆய்வுத் திட்டம் 2019 நிதியாண்டில் தொடங்கியது, அந்தந்த ஆண்டு காங்கிரஸ் ஒதுக்கினால்தான் பணம் இருக்கும், படைவீரர்களுக்கு என்ன பயன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ரீட்டா ஆலன் அறக்கட்டளையின் வலி ஆய்வு விருது, தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு 3 ஆண்டுகளில் 1,50,000 டாலர் வரை தருகிறது. தொகை சிறிது, ஆனால் துறைக்குள் பெயர் தெரியவைக்கும். 1973இல் ஜான் பொனிகா முன்னின்று தொடங்கிய ஐஏஎஸ்பி என்ற உலக வலி ஆய்வுச் சங்கம், அவர் பெயரிலேயே போஸ்ட்டாக் ஃபெலோஷிப் வழங்குகிறது. பொனிகா தன் மருத்துவப் படிப்புச் செலவுக்காகத் தொழில்முறை மல்யுத்தம் செய்தவர். தன் உடம்பிலேயே நாள்பட்ட வலியைச் சுமந்துகொண்டு இந்தத் துறையைக் கட்டியவர். பிரிட்டனில் இருப்பவர்கள் அரசின் ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐயும் மூட்டுவலி அறக்கட்டளையான வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸும் சேர்ந்து நிதி தந்த அட்வான்ஸ்டு பெயின் டிஸ்கவரி பிளாட்ஃபார்மின் தரவுகளைப் பாருங்கள்.

படி 4: உங்கள் நிலைக்கு ஏற்ற மானியம்

என்ஐஎச் மானிய வகைகளுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள் உண்டு. போஸ்ட்டாக்காக இருந்தால் கே99/ஆர்00. வழிகாட்டியோடு 2 ஆண்டு வரை, தனி ஆய்வகத்தில் 3 ஆண்டு வரை. விசாவில் இருக்கும் தமிழர்களுக்கு இது முக்கியம்: அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்காத கே வகை மானியம் இது. கே01, கே08, கே23, மாணவர்களுக்கான எஃப்31, போஸ்ட்டாக்குகளுக்கான எஃப்32 எல்லாமே அதைக் கேட்கின்றன. கே99க்கு வழக்கமான வரம்பு 4 ஆண்டு போஸ்ட்டாக் அனுபவம். மூன்றாம் ஆண்டில் யோசிக்கத் தொடங்குபவர்கள் மறுவிண்ணப்பத்துக்கான வாய்ப்பை இழக்கிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே எழுதுங்கள்.

ஆர்21 என்பது 2 ஆண்டுக்கு மொத்தம் 2,75,000 டாலர் நேரடிச் செலவு (பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவு சேராதது). ஆர்03 ஆண்டுக்கு 50,000 டாலர், 2 ஆண்டு. பொதுத் தரவைத் திரும்ப ஆராய்வதற்கு ஏற்றது. ஆர்01 தான் ஆய்வகத்தின் முதுகெலும்பு: 5 ஆண்டு வரை. ஆர்21க்கு முதல்கட்டத் தரவு கட்டாயமில்லை என்று விதியில் இருந்தாலும், தரவு இருப்பவருக்கே மதிப்பெண் சாய்கிறது. அதனால் ஆர்21 எளிது என்று நம்பி அதில் இரண்டு சுற்றைச் செலவிடுவதைவிட, தரவு கையில் இருந்தால் நேராக ஆர்01க்குப் போவதே மேல் என்பது என் கருத்து. முனைவர் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்து 10 ஆண்டுக்குள், பெரிய மானியம் எதுவும் வாங்காதவர்களை ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ என்று என்ஐஎச் தனியாகக் கவனிக்கிறது. அந்தச் சலுகையை வீணாக்காதீர்கள்.

படி 5: எழுதும் முன் பேசுங்கள்

என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளத்தில் ‘மேட்ச்மேக்கர்’ என்ற கருவி இருக்கிறது. உங்கள் சுருக்கத்தை அதில் ஒட்டினால், அதை ஒத்த, நிதி பெற்ற திட்டங்களையும், எந்த நிறுவனம் கொடுத்தது, எந்த ஸ்டடி செக்ஷன் (மதிப்பாய்வுக் குழு) மதிப்பிட்டது, யார் ப்ரோக்ராம் ஆபீசர் (அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் என்ஐஎச் அதிகாரி) என்பதையும் காட்டும். ஒரு மாலை நேரம் போதும். உங்களுக்கு முன்னால் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது முழுவதும் தெரிந்துவிடும்.

அடுத்து அந்த ப்ரோக்ராம் ஆபீசருக்கு ஒரு பக்கத் திட்டத்தை அனுப்பிப் பேச நேரம் கேளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அதிகாரியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கி நிற்போம். இங்கே விண்ணப்பதாரரோடு பேசுவது அவர்களின் வேலையிலேயே சேர்ந்தது. கேட்க வேண்டியவை: இந்தக் கேள்வி உங்கள் நிறுவனத்தின் இப்போதைய ஆர்வத்துக்குள் வருகிறதா, எந்த அறிவிப்பின் கீழ் அனுப்புவது, எந்தக் குழு இதை மதிப்பிடும்? அவர் உங்கள் அறிவியலை மதிப்பிட மாட்டார். அது தனியாக இயங்கும் ஸ்டடி செக்ஷனின் வேலை.

படி 6: ஒரே பக்கத்தில் எல்லாம்

‘ஸ்பெசிபிக் எய்ம்ஸ்’ பக்கம் ஒன்றுதான், ஆனால் குழுவில் உள்ள பெரும்பாலானோர் உங்கள் விண்ணப்பத்தில் கவனமாகப் படிப்பது அதை மட்டும்தான். ஆர்01இன் 12 பக்க ஆய்வுத் திட்டத்துக்கு ஆகும் நேரத்தில் பாதியாவது இந்த ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்து பலருக்குக் கை கால்களில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் தருகிறது. முதல் பத்தியில் இதைச் சொல்லி, இதைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை என்று முடியுங்கள். இரண்டாம் பத்தியில், எலியில் என்ன தெரியும், மனிதரில் எந்த இடத்தில் அறிவு அறுந்து நிற்கிறது என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் கருதுகோள், உங்கள் கையில் உள்ள முதல்கட்டத் தரவு ஒரு வரி, திசு எங்கிருந்து வருகிறது என்பது ஒரு வரி. அதன்பின் நோக்கங்கள்:

நோக்கம் 1: மருந்து எடுத்து எரிச்சல் வந்தவர்களின் டிஆர்ஜி நரம்பணுக்கள் தூண்டுதல் இல்லாமலே மின்துடிப்பு விடுகின்றனவா?

நோக்கம் 2: எந்த வகை நரம்பணுக்களில் எந்தச் சேனல்களின் மரபணு வெளிப்பாடு மாறுகிறது?

நோக்கம் 3: ஆரோக்கியமான கொடையாளரின் நரம்பணுக்களை வளர்ப்புத்தட்டில் அந்த மருந்துக்கு உட்படுத்தினால் அதே மாற்றம் வருகிறதா, குறிப்பிட்ட சேனலை அடைத்தால் அது நிற்கிறதா?

மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, ஆனால் முதலாவது தோற்றாலும் மற்ற இரண்டும் நிற்கும். மதிப்பாய்வாளர்கள் தேடிப்பிடிக்கும் முதல் பலவீனமே, நோக்கம் 1 பொய்த்தால் மீதி எல்லாம் சரியும் அமைப்புதான்.

படி 7: 12 பக்கங்களில் நம்பிக்கையை எப்படிக் கட்டுவது

2025 ஜனவரி 25 முதல் வரும் ஆர்01, ஆர்21, ஆர்03 போன்ற விண்ணப்பங்களுக்கு மதிப்பீட்டு முறை எளிமையாகியிருக்கிறது. ஆய்வின் முக்கியத்துவம் ஒரு மதிப்பெண், கண்டிப்பும் செய்யமுடிவதும் ஒரு மதிப்பெண். உங்கள் திறமைக்கும் வசதிக்கும் மதிப்பெண் கிடையாது. போதுமா போதாதா என்று மட்டும் பார்ப்பார்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இனி முன்பு போல் கைகொடுக்காது என்பது நல்ல செய்தி. இரண்டாவது மதிப்பெண்ணில்தான் மனிதத் திசு விண்ணப்பங்கள் அடிபடுகின்றன. நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. ஒரு கொடையாளரிடமிருந்து 200 நரம்பணுக்களைப் பதிவு செய்தாலும் அது ஒரு கொடையாளர்தான். 200 என்று போட்டுப் புள்ளியியல் செய்தால் அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் அங்கேயே பேனாவை எடுப்பார். கொடையாளரை அலகாக வைத்து, அணுக்களை அதற்குள் அடங்கியவையாகக் கணக்கிடும் மிக்ஸ்டு எஃபெக்ட்ஸ் மாடலைத் திட்டமிடுங்கள். மாதிரி அளவைக் கணக்கிடப் புள்ளியியலாளரை முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆணும் பெண்ணும். 2015இல் வந்த ஓர் எலி ஆய்வு, நாள்பட்ட வலிக்கு ஆண் எலிகளில் நரம்பு மண்டலத்தின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியாவும் பெண் எலிகளில் வேறு நோயெதிர்ப்பு அணுக்களும் காரணமாகலாம் என்று காட்டியது. 2016 முதல் பாலினத்தை உயிரியல் மாறியாகக் கருதுவது என்ஐஎச் கொள்கை. “இரு பாலரையும் சேர்ப்போம்” என்ற ஒரு வரி போதாது. பகுப்பாய்வில் எப்படிப் பிரிப்பீர்கள் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கொடையாளரின் வலி வரலாறு. இறந்தவருக்கு நாள்பட்ட வலி இருந்ததா என்பது மருத்துவப் பதிவில் பல நேரம் இருக்காது. குடும்பத்திடம் கேட்கும் சிறு வினாத்தாளை உறுப்புக் கொள்முதல் அமைப்போடு சேர்ந்து முன்கூட்டியே வடிவமைத்திருந்தால், அது உங்கள் விண்ணப்பத்தைத் தனித்துக் காட்டும். வென்டிலேட்டரில் எத்தனை நாள், எந்த மருந்துகள், இரத்த ஓட்டம் நின்றதிலிருந்து திசு குளிரூட்டப்படும் வரை எத்தனை மணி நேரம் என்பவையும் பதிவாக வேண்டும். இவை மரபணு வெளிப்பாட்டை மாற்றக்கூடியவை.

நான்காவது, திசு வரவின் நிச்சயமின்மை. ஆண்டுக்கு எத்தனை கொடையாளர்கள் எதிர்பார்க்கப்படுகிறார்கள், குறைந்தால் என்ன செய்வீர்கள், நள்ளிரவில் அழைப்பு வந்தால் யார் போவார்கள்? இதை எழுதுபவரைப் பார்த்ததுமே, இவர் உண்மையில் இந்த வேலையைச் செய்தவர் என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

படி 8: தெரியாமல் ‘கிளினிக்கல் ட்ரையல்’ எழுதிவிடாதீர்கள்

நல்ல விண்ணப்பங்கள் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும் இடம் இது. தன்னார்வலரின் தோலில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தடவி எரிச்சல் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்து சோதிக்கவில்லை, அடிப்படை அறிவியல்தான். ஆனால் மனிதரை ஒரு குறுக்கீட்டுக்கு உட்படுத்தி உடலியல் விளைவை அளப்பதால், என்ஐஎச் வரையறையில் அது கிளினிக்கல் ட்ரையலாகக் கருதப்படலாம். அதிலேயே ‘மனிதரில் அடிப்படைப் பரிசோதனை ஆய்வு’ என்று ஓர் உட்பிரிவு உண்டு. ‘கிளினிக்கல் ட்ரையல் கூடாது’ என்ற அறிவிப்பின் கீழ் அதை அனுப்பினால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். என்ஐஎச் தளத்தில் இதைத் தீர்மானிக்க நான்கு கேள்விகள் இருக்கின்றன. பதில் தெளிவில்லை என்றால் ப்ரோக்ராம் ஆபீசரிடம் கேட்டு மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: பட்ஜெட்டும் தரவுத் திட்டமும்

நேரடிச் செலவு ஆண்டுக்கு 2,50,000 டாலருக்குள் இருந்தால் 25,000 டாலர் கட்டுகளாகக் கேட்கும் எளிய முறை. மனிதத் திசு ஆய்வுக்கு இது பல நேரம் போதாது. கொள்முதல் அமைப்புக்கான கட்டணம், அறுவை அரங்க நேரம், ஒற்றை செல் மரபணு வரிசைமுறை என்று செலவு ஏறும். அப்போது விரிவான பட்ஜெட் எழுதி ஒவ்வொன்றையும் நியாயப்படுத்துங்கள். ஏதேனும் ஓர் ஆண்டில் நேரடிச் செலவு 5,00,000 டாலரைத் தொட்டால், 6 வாரத்துக்கு முன்பே நிறுவனத்தின் அனுமதி வேண்டும். செலவைக் குறைத்துக் காட்டினால் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். செய்ய முடியாத பட்ஜெட் அனுபவமின்மையின் அடையாளமாகவே படிக்கப்படும்.

2023 ஜனவரி முதல் தரவு மேலாண்மை, பகிர்வுத் திட்டம் கட்டாயம். ஹீல் நிதி என்றால் அதற்கென்று கூடுதல் விதிகள் உண்டு. நோயாளிகளிடம் நடக்கும் வலி ஆய்வுகளில் எல்லோரும் ஒரே பொதுவான வினாத்தாள்களைப் பயன்படுத்த வேண்டும். இதைச் சுமையாக எண்ண வேண்டாம். மனிதத் திசு இவ்வளவு அரிதாக இருக்கும்போது ஒவ்வொரு மாதிரியின் தரவும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படி 10: பதிவுகளும் தேதிகளும்

அமெரிக்க அரசு நிதி பெற வேண்டிய, உங்கள் நிறுவனத்தின் சாம் பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்கு என்ஐஎச்சின் இணைய அமைப்பான இ-ஆர்ஏ காமன்ஸில் கணக்கும், ஆய்வாளர் அடையாளமான ஆர்கிட் எண்ணும் வேண்டும். புதிய ஆர்01க்குப் பொதுத் தேதிகள் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. ஆர்21, ஆர்03 என்றால் அதே மாதங்களின் 16. புதிய கே விண்ணப்பங்களுக்கு 12. உங்கள் பல்கலைக்கழக அலுவலகம் பெரும்பாலும் பல நாள் முன்பே இறுதி வடிவம் கேட்கும். 2025 செப்டம்பர் 25 முதல் ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கு 6 விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. செயற்கை நுண்ணறிவு பெரும்பகுதி எழுதியதாகத் தெரிந்தால் அதை உங்கள் சொந்த யோசனையாக ஏற்கவும் மாட்டார்கள்.

படி 11: மதிப்பெண் வந்த பிறகு

மொத்த மதிப்பெண் 10 முதல் 90 வரை; குறைவாக இருந்தால் நல்லது. ஏறத்தாழ பாதி விண்ணப்பங்கள் கூட்டத்தில் விவாதிக்கப்படாமலே போகும். அப்படிப் போனாலும் எழுத்துக் கருத்துகள் வரும். மதிப்பெண் மட்டுமே நிதியை முடிவு செய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் வந்தால் நிதி உறுதி என்ற பழைய கோட்டை விட்டு விலகுவதாக 2025 நவம்பரில் என்ஐஎச் அறிவித்தது. நிறுவனத்தின் முன்னுரிமையும், தொடக்கநிலை ஆய்வாளரா என்பதும், அதே தலைப்பில் ஏற்கனவே எத்தனை திட்டம் ஓடுகிறது என்பதும் சேர்ந்து எடைபோடப்படும்.

கருத்துகளைப் படித்த அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். சில நாள் கழித்து மறுபடி படித்து, ப்ரோக்ராம் ஆபீசரிடம் பேசுங்கள். அவர் கூட்டத்தைக் கேட்டிருக்கக்கூடும், எழுத்தில் வராத தொனி அவருக்குத் தெரியும். மறுவிண்ணப்பத்துக்கு 37 மாதம் வரை நேரம் உண்டு, ஒரு முறைதான் அனுப்பலாம், ஒரு பக்க முன்னுரையில் என்ன மாற்றினீர்கள் என்று சொல்ல வேண்டும். “கொடையாளர் எண்ணிக்கை போதாது” என்று சொல்லியிருந்தால் வாதாடாமல் இடைப்பட்ட மாதங்களில் இன்னும் சில கொடையாளர்களின் தரவைச் சேர்த்துக் காட்டுங்கள். முக்கியத்துவத்திலேயே மதிப்பெண் போயிருந்தால், மறுவிண்ணப்பத்தைவிடக் கேள்வியையே மாற்றிப் புதிதாக எழுதுவது புத்திசாலித்தனம்.

இந்தியாவில் இருந்துகொண்டு சேர விரும்பினால்

2025 மே மாதம் என்ஐஎச் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை மானியம் கொடுக்கும் பழைய முறையை நிறுத்தி, புதிய கட்டமைப்புக்கு மாறத் தொடங்கியது. ஆகவே “அமெரிக்கப் பேராசிரியரின் ஆர்01க்குள் சென்னை ஆய்வகத்துக்கு ஒரு பங்கு” என்று பழைய பாணியில் திட்டமிடாதீர்கள். அந்தந்த அறிவிப்பில் வெளிநாட்டுப் பங்கேற்பு பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

உள்நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் எக்ஸ்ட்ராமூரல் (வெளி நிறுவனங்களுக்கான) திட்டங்கள், மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்பாக எஸ்இஆர்பியின் இடத்துக்கு வந்திருக்கும் ஏஎன்ஆர்எஃப், உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியும் வெல்கம் டிரஸ்ட்டும் இணைந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்கள் ஆகியவை உயிர்மருத்துவ ஆய்வுக்குத் திறந்திருக்கின்றன. வலி என்ற தனித் தலைப்பு இல்லாவிட்டாலும் நீரிழிவு நரம்புவலி, புற்றுநோய் வலி, மூட்டுத் தேய்மானம் என்ற வழிகளில் நுழையலாம். தமிழ்நாட்டில் உறுப்புக் கொடைக்கு டிரான்ஸ்டான் என்ற ஆணையம் இயங்குகிறது, அரசு மருத்துவமனைகளில் அறுவைகளின் எண்ணிக்கையும் மிக அதிகம். மனித வலி நரம்பணுக்களைப் பற்றிய இன்றைய தரவில் பெரும்பகுதி அமெரிக்கக் கொடையாளர்களிடமிருந்து வந்தது என்பதை வைத்துப் பார்த்தால், இங்குள்ள நோயாளிகளின் அறுவைத் திசுவிலிருந்து எழும் ஒரு நல்ல கேள்விக்கு எங்கும் மதிப்பு இருக்கும்.

வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு, மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தவிர, சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் குழுவான ஹெச்எம்எஸ்சியின் அனுமதியும் வேண்டும். திசு மாதிரியை வெளியே அனுப்புவதாக இருந்தால் இரு நிறுவனங்களுக்கும் இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் தேவை. இதற்கு மாதங்கள் ஆகும். அமெரிக்கக் கூட்டாளியின் விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஓர் ஆண்டு முன்பே இந்தக் காகிதங்களைத் தொடங்குங்கள். முடிந்தால் திசுவை இங்கேயே பதப்படுத்தி, வரிசைமுறையும் இங்கேயே செய்து, தரவை மட்டும் பகிரும்படி திட்டத்தை வடிவமையுங்கள். அனுமதிச் சிக்கல் குறையும், திறமையும் கருவியும் இங்கேயே தங்கும்.